கற்க வந்தோரைக் கடனாளியாக்கல்

சிக்கனம் என்ற சொல்லைப்போல ஆளும் வர்க்கத்திற்குக் கைகொடுக்கும் சொல் பிறிதொன்றில்லை. கேட்பதற்கு அது ஒரு நற்பண்பாக ஒலிக்கிறது. அதனை எதிர்ப்பவன் ஊதாரி ஆகிவிடுகிறான். ஆயினும், எந்த நாட்டிலும் எந்த நிதி மந்திரியும் எல்லோருடைய அடுப்புக்கும் ஒரே அளவாகச் சிக்கனத்தைப் பங்கிட்டதில்லை. யார் வீதிக்கு வந்து கூச்சலிட மாட்டார்களோ அவர்களுடைய பங்கிலேதான் கத்தி முதலில் விழுகிறது. கல்வித் துறையில் அவ்வாறு முதலிற் பலியாவோர், இளமையிற் கற்க வழியற்றுப் போய், நாள் முழுதும் உழைத்துவிட்டு மாலையிற் புத்தகத்தைக் கையிலெடுக்கும் வளர்ந்தோரே.

இதற்கு இங்கிலாந்தை உதாரணமாக எடுத்துக்கொள்கின்றோம். கடல் கடந்த கதை நமக்கெதற்கு என்று வாசகர் கேட்கலாம். உழைத்துக்கொண்டே கற்போர்க்கென நம் நாட்டில் உள்ள ஏற்பாடுகளின் மூலம் அங்கேயே இருக்கிறது. 1921இல் கொழும்பிற் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி, லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. கல்லூரிப் படியை மிதிக்காமலே, கிராமத்துப் பாடசாலையிற் கற்பித்துக்கொண்டு அப் பரீட்சைக்குத் தோற்றிய ஆசிரியரை நமது முந்திய தலைமுறை நன்கறியும். 1980இல் நாவலையில் எழுந்த நமது திறந்த பல்கலைக்கழகத்துக்கும் முன்மாதிரி அங்கிருந்ததுதான். நல்லதை அங்கிருந்து பெற்றவர்கள், கெட்டதையும் அங்கிருந்து பெறத் தயங்கமாட்டார்கள். அதனால் அங்கு நடந்து முடிந்ததை நாம் நுணுகிப் பார்த்தல் அவசியமாகிறது.

இங்கிலாந்தின் தொழிலாளி இரவிற் படிக்கத் தொடங்கியது எந்த அரசாங்கத்தின் தயவினாலுமன்று. 1823இல் மருத்துவர் ஜோர்ஜ் பேர்க்பெக் முன்னின்று லண்டனிற் கைவினைஞருக்காக ஒரு கழகம் தொடங்கினார். இன்றும் அவர் பெயரைத் தாங்கி மாலை வகுப்புகளை நடத்தும் கல்லூரி அதுவே. 1903இல் அல்பேர்ட் மான்ஸ்பிரிட்ஜ் தொழிலாளர் கல்விச் சங்கத்தை ஆரம்பித்தார். 1908இல் ஆர். எச். டோனி என்ற இளைஞர், லோங்டனில் மட்பாண்டச் சூளைகளில் வேலைசெய்தோருக்கும் றொச்டேலில் நெசவாலைத் தொழிலாளருக்கும் பொருளாதார வரலாறு கற்பிக்கச் சென்றார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பெரும் பொருளாதார வரலாற்றாசிரியருள் ஒருவரானவர் அவர். அவருடைய முதன் மாணாக்கர் களிமண் படிந்த கைகளோடு வந்து அமர்ந்தவர்கள்.

அனைரின் பெவனின் வாழ்வு இவ்விடத்திற் சொல்லத்தக்கது. பதின்மூன்று வயதிற் பாடசாலையை விட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர் அவர். 1919இல் தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சம்மேளனம் தன் பணத்தில் அவரை லண்டனிலிருந்த மத்திய தொழிலாளர் கல்லூரிக்கு இரண்டாண்டு அனுப்பிப் படிப்பித்தது. அதே மனிதர்தான் 1948இல், சுகாதார மந்திரியாக, இங்கிலாந்தின் இலவச மருத்துவ சேவையை நிறுவினார். அவருடைய மனைவி ஜெனி லீ, ஸ்கொத்லாந்தின் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். 1963இல் ஹரோல்ட் வில்சன் கிளாஸ்கோவிற் பேசிய ஒரு யோசனையை, கேலிகளுக்கு நடுவே, திறந்த பல்கலைக்கழகமாக உருவாக்கிக் காட்டியவர் அவரே. 1969இல் அதற்குச் சாசனம் கிடைத்தது. 1971இல் வகுப்புகள் தொடங்கின. முன் பரீட்சைத் தகுதி எதையும் அது கேட்கவில்லை. பாடசாலைச் சிற்றுண்டிக்கு இருந்த இலவசப் பாலை ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நிறுத்திய மார்கரெட் தட்சர்கூட, கல்வி மந்திரியாக இருந்தபோது, இப் பல்கலைக்கழகத்தின் கழுத்தை நெரிக்கவில்லை. அந்தக் காரியத்தைச் செய்யப் பின்வந்தோர் இருந்தார்கள்.

பின்வந்தோரில் முதலாவது கை தொழிற்கட்சியின் கை என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஏற்கெனவே ஒரு தகுதியைப் பெற்றவர் அதே தரத்தில் அல்லது குறைந்த தரத்தில் இன்னொன்றைக் கற்பதாயின் அதற்கு அரசின் மானியம் இல்லை என்று 2007இல் அவ்வரசு தீர்மானித்தது. மிச்சம், ஆண்டுக்குப் பத்துக் கோடிப் பவுண். தொழில் அழிந்துபோக, புதுத் தொழிலொன்று பழக வந்தவனிடம், ‘நீ ஒருமுறை படித்துவிட்டாய், போதும்’ என்று கதவைச் சாத்திய தீர்மானம் அது. திறந்த பல்கலைக்கழகமும் பேர்க்பெக் கல்லூரியுமே அதிகம் அடிபட்டன. 2010இல் பழைமைவாதிகளும் தாராளவாத ஜனநாயகக் கட்சியினரும் கூட்டாகப் பதவியேறிய பின்னர், வெட்டு ஒரு கொள்கையாகவே ஆயிற்று.

2012இல் பெரும்பாலான பாடங்களுக்கு அரசு வழங்கிய கற்பித்தல் மானியம் நீக்கப்பட்டது. முழுநேர மாணவரின் கட்டணம் ஆண்டுக்கு 9,000 பவுண் வரை உயரலாம் என்றாயிற்று; பகுதிநேர மாணவருக்கு 6,750 வரை. திறந்த பல்கலைக்கழகத்தின் கட்டணம் மூன்று மடங்குக்கும் மேலாக ஏறியது. பகுதிநேர மாணவருக்கும் இனிக் கல்விக் கடன் உண்டு என்பது பெரிய வரமாக அறிவிக்கப்பட்டது. வரத்தின் நிபந்தனைகளைப் படித்தவர்களுக்குத்தான் அதன் இலட்சணம் தெரிந்தது. முன்பு பட்டம் பெற்றவருக்குக் கடன் இல்லை. முழுநேரப் படிப்பின் காற்பங்குக்குக் குறைவாகக் கற்பவருக்கும் இல்லை. பிள்ளையை உறங்கவைத்த பின் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் ஒரு பாடம் மட்டும் கற்க விரும்பிய பெண்ணுக்கு, உயர்ந்த கட்டணம் வந்தது; கடன்கூட வரவில்லை.

2010 நவம்பரில் லண்டன் வீதிகளில் ஏறத்தாழ ஐம்பதினாயிரம் மாணவர் திரண்டு இக் கட்டண உயர்வை எதிர்த்தனர். உலகப் பத்திரிகைகள் அதனை முதற் பக்கத்தில் வெளியிட்டன. அப் போராட்டத்தின் நியாயத்தை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் பின்னர் நிகழ்ந்தது என்ன? இளம் முழுநேர மாணவரின் தொகை நாளடைவில் மீண்டும் வளர்ந்தது. பகுதிநேரப் பட்டப்படிப்பிற் புதிதாகச் சேர்வோர் தொகையோ 2010 முதல் 2015 வரையான ஐந்தாண்டில் பாதிக்கு மேல் சரிந்துவிட்டது! ஊர்வலத்தின் ஆரவாரத்தில் இவர்களுடைய குரல் கலந்திருக்கவில்லை. இவர்களுக்கு விடுதி இல்லை, மாணவர் மன்றம் இல்லை, பகிஷ்கரிக்க விரிவுரை மண்டபமும் இல்லை. ஒருவர் பஸ் சாரதி, ஒருவர் முதியோர் இல்லத்துப் பணியாள், ஒருவர் மூன்று பிள்ளைகளின் தாய். ஒருவரையொருவர் முகம் அறியார். விண்ணப்பப் படிவத்தை மேசையிலே போட்டுவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விட்டார்கள். அது செய்தியாகாது. 2015இல் திறந்த பல்கலைக்கழகம் இங்கிலாந்திலிருந்த தன் பிராந்திய நிலையங்களில் ஏழினை மூடத் தீர்மானித்தபோதும் உலகம் அதனை அதிகம் கவனிக்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்குக் கீழேயுள்ள படியில் நிலைமை இன்னும் மோசம். 2013 முதல், இருபத்துநான்கு வயதைக் கடந்தவர் உயர்தரத்துக்குச் சமமான பாடநெறியொன்றைக் கற்பதாயின், மானியத்துக்குப் பதிலாகக் கடன் பெறவேண்டும் என்றாயிற்று. பதினாறு வயதிற் பாடசாலையை விட்டுப் போய், முப்பத்தைந்து வயதிற் பல்கலைக்கழக வாசலைத் தேடி வருபவனுக்கு அந்தப் பாடநெறிதான் ஏணி. ஏணியின் முதற் படியிலேயே கடன் பத்திரத்தை ஒட்டிவைத்தார்கள். தொழில் பயில்வோரையும் இக் கடனுக்குள் இழுத்தார்கள். விண்ணப்பித்தோர் சில நூறு பேரே என்று கண்டதும், ஓராண்டுக்குள் அப் பகுதியை மட்டும் கைவிட்டார்கள். 2009ஐ அடுத்து வந்த பத்தாண்டில் வளர்ந்தோரின் வகுப்பறைக் கல்விக்கான செலவு ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது.

நம்மவரை நேரே தீண்டிய வெட்டும் ஒன்று உண்டு. யுத்தத்துக்குத் தப்பி லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ரூட்டிங்கிலும் ஹரோவிலும் குடியேறிய தமிழர் பலருக்கு அந் நாட்டின் முதல் வாசல் ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பாகவே இருந்தது. 2011இல், வேலை தேடுவோருக்கான உதவிப்பணம் பெறுவோர்க்கே அவ் வகுப்பு முற்றாக இலவசம் என்று மட்டுப்படுத்த அரசு முனைந்தது. அதன் கருத்து யாதெனில், கணவன் குறைந்த சம்பளத்தில் வேலைசெய்ய, வீட்டோடு அடைந்து கிடக்கும் மனைவிக்கு இலவச வகுப்பு இல்லை என்பதே. ஆசிரியரும் கற்போரும் சேர்ந்து போராடியதால் அத் திட்டம் ஓரளவு தளர்த்தப்பட்டது. எனினும், 2009இல் இவ் வகுப்புகளுக்கு ஒதுக்கப்பட்ட 20 கோடி 30 இலட்சம் பவுண், ஆறாண்டுகளில் 9 கோடியாயிற்று. மொழி தெரியாத குடியேறிகள் நம்மோடு கலந்து வாழ மறுக்கிறார்கள் என்று அதே ஆண்டுகளில் அதே மந்திரிமார் மேடை மேடையாக முழங்கினார்கள். நாக்கைக் கட்டிவிட்டு, பேசவில்லையே என்று குற்றம் சாட்டுவது ஆள்வோருக்குப் புதிய கலையன்று.

வறிய மாணவரின் பராமரிப்புக்கென, ஆண்டுக்கு 3,387 பவுண் வரை திருப்பிச் செலுத்த வேண்டாத உதவித்தொகை இருந்தது. 2016இல் அதுவும் கடனாக்கப்பட்டது. இத்தனை பெரிய மாற்றத்தை ஜனவரி மாதத்தில் நிறைவேற்றியது முழுப் பாராளுமன்றமன்று, ஓர் அறையிற் கூடிய சிறு குழு. எதிர்க்கட்சி பின்னர் வற்புறுத்தியே சபையில் ஒரு விவாதத்தைப் பெற்றது, வாக்கெடுப்பிற் தோற்றது. 2017இல் தாதியர் பயிற்சிக்கான உதவித்தொகை ஒழிந்தது. தாதியாகப் பயில வருவோரிற் பெருந்தொகையினர் வயது வந்த பெண்கள். அவர்களுடைய விண்ணப்பங்கள் மளமளவெனக் குறைந்தன. வைத்தியசாலைகளில் தாதியர் இல்லாத நிலை வந்த பின், 2020இல் வாழ்க்கைச் செலவுக்கு 5,000 பவுண் மீண்டும் கொடுக்கத் தொடங்கினார்கள். கட்டணம் மட்டும் அப்படியே கடனாக நின்றது. 1998 முதல் தொழிற்சங்கங்களின் வழியாக வேலைத்தலத்திலேயே எழுத்தும் கணக்கும் கற்பித்து வந்த ஒரு நிதியத்தையும் 2021இல் மூடினார்கள். அதன் ஆண்டுச் செலவு ஏறத்தாழ ஒரு கோடி இருபது இலட்சம் பவுண். ஓர் அரசின் வரவு செலவுத் திட்டத்தில் அது மேசையிலிருந்து சிந்தும் பருக்கை. தொழிற்சங்கம் என்ற பெயர் அதன்மேல் இருந்ததே அதன் குற்றம் என நாம் கருதுகிறோம்.

இனி, மறுபக்க வாதத்தைக் கேட்போம். கடன் என்று அஞ்சவேண்டாம், குறிப்பிட்ட வருமானத்துக்கு மேல் உழைத்தாற்றான் திருப்பிக் கொடுக்க வேண்டும், குறிப்பிட்ட காலம் கழிந்தால் மிச்சம் தள்ளுபடியாகும், ஆகவே ஏழைக்கு என்ன நட்டம் என்பது அவ் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கடன் என்பதைப் பொருளாதாரப் பாடநூலில் மட்டும் கண்டவர்களுடைய வாதம் இது. கூலியை வாங்கியதும் கடைக்காரனுக்குப் பாதியைக் கொடுத்துப் பழகிய குடும்பத்தில், கடன் என்பது வாசலில் வந்து நிற்கும் ஆள். அயலவர் பார்க்க எழுப்பும் குரல். அங்கே பிறந்தவன் நாற்பது வயதில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இன்னுமொரு கடனுக்குக் கையெழுத்திடத் துணியாமை அறியாமையாகாது. அவனுடைய வர்க்கத்தின் அநுபவம் அவனுக்குக் கற்பித்த பாடம் அது.

சரி, அரசுக்காவது இதில் மிச்சம் உண்டா? கொடுத்த கடனிற் பெரும்பங்கு திரும்பி வராது என்பதை அவ்வரசின் மதிப்பீடுகளே ஒப்புக்கொண்டன. பிறகு ஏன் இந்தக் கூத்து? விடை கணக்கேட்டில் இருக்கிறது. உதவித்தொகையாகக் கொடுத்தால் அது செலவுப் பக்கத்தில் ஏறி, பற்றாக்குறையைப் பெருக்கிக் காட்டும். கடனாகக் கொடுத்தாலோ, வராக் கடனாயினும், வரவேண்டிய சொத்தாக நிற்கும். 2018 இறுதியில் அந் நாட்டுப் புள்ளிவிபர அலுவலகமே இது பொருந்தாது என்று கூறி, திரும்பி வராத பகுதியைச் செலவாகவே எழுத வேண்டும் எனத் தீர்மானித்தது. அதற்குள், கணக்கின் அழகுக்காகப் பல இலட்சம் பேரின் கல்வி வாழ்வு திசைமாறிவிட்டது. மிச்சம் பிடித்தோம் என்று சொல்வதற்காகப் பிடித்த மிச்சம் இது!

வேறு வழி இருக்கவில்லை என்பதும் பொய். ஒரே முடியின் கீழுள்ள வேல்ஸ் 2018இல் பகுதிநேர மாணவருக்கும் பராமரிப்பு உதவித்தொகை உண்டு என்று விதித்தது. அங்கே பகுதிநேரம் கற்போர் தொகை ஏறத் தொடங்கியது. ஸ்கொத்லாந்து, குறைந்த வருமானமுள்ள பகுதிநேர மாணவரின் கட்டணத்துக்கு மானியம் அளித்தது. அவையும் அதே நெருக்கடியைத்தான் சந்தித்தன; பணத்தை வேறு விதமாகப் பங்கிட்டன. 2021இல் இங்கிலாந்துகூட உயர்தரத் தகுதியில்லாத வளர்ந்தோருக்குச் சில பாடநெறிகளை மீண்டும் இலவசமாக்க நேர்ந்தது. அழித்ததிற் சிறு துண்டைத் திருப்பித் தந்து, அதற்கு உத்தரவாதம் என்று பெயரும் சூட்டினார்கள். 2024இல் மீண்டும் பதவிக்கு வந்த தொழிற்கட்சியோ அடுத்த ஆண்டே வளர்ந்தோர் பயிற்சி நிதியைக் குறைத்தது. 2025 செப்தெம்பரில், சில வறிய மாணவருக்குப் பராமரிப்பு உதவித்தொகையைத் திரும்பக் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. அதற்குரிய பணத்தை வெளிநாட்டு மாணவர்மீது விதிக்கும் அறவீட்டினால் திரட்டுவதாகவும் கூறியது. காணியை ஈடுவைத்துப் பிள்ளையை லண்டனுக்கு அனுப்பும் நம்மூர்த் தகப்பனும் அந்த அறவீட்டிற் பங்காளி ஆவான். அந் நாட்டுச் செல்வரிடம் கேட்கத் துணியாததை, வாக்குரிமை இல்லாத அந்நியனிடம் கேட்பது எளிதுதானே.

நமது நண்பர்களுள்ளும் ஒரு சாரார் இவ்விடயத்தில் அலட்சியம் காட்டுவதை நாம் அறிவோம். மாலை வகுப்பும் வெளிவாரிப் பட்டமும் தனிமனிதனைத் தன் வர்க்கத்திலிருந்து பிரித்து மேலே தூக்கும் ஏணிகள். தொழிலாளி உத்தியோகத்தனாகிப் பழைய தோழரை மறப்பதற்கே அவை உதவும். அவற்றுக்காகப் போராடுவானேன் என்பது அவர்கள் கேள்வி. இக் கேள்வி புதிதன்று. 1909இல் ஒக்ஸ்போட்டில், தொழிலாளருக்கென 1899இல் நிறுவப்பட்ட றஸ்கின் கல்லூரியின் மாணவர் இதே கேள்வியை எழுப்பி வகுப்புகளைப் பகிஷ்கரித்தனர். பல்கலைக்கழகத்தின் செல்வாக்கு, தம்மைத் தம் வர்க்கத்துக்கு அந்நியராக்கும் என அவர்கள் அஞ்சினர். அவர்களோடு நின்ற அதிபர் டெனிஸ் ஹேர்ட் பதவியிழந்தார். அவர்கள் செய்தது என்ன? கல்வியே வேண்டாம் என்று சுரங்கத்துக்குத் திரும்பினார்களில்லை. தொழிற்சங்கங்களின் துணையோடு தமக்கென மத்திய தொழிலாளர் கல்லூரியை அமைத்தார்கள். பெவன் பின்னாளிற் படித்தது அங்கேதான். எதைக் கற்பது, யாருக்காகக் கற்பது என்ற விவாதம் வகுப்பறை இருந்தால் அல்லவா நடக்கும்? வகுப்பறையை அரசு மூடும்போது, நல்லதுதான் என்று கைகட்டி நிற்பவர், தம்மை அறியாமலே நிதி மந்திரிக்குத் துணைபோகிறார்.

நம் நாட்டுக்கு வருவோம். பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி என்று 1945 தொட்டு நாம் பெருமை பேசி வருகிறோம். கன்னங்கரா வென்று தந்த அப் பெருமை நியாயமானது. ஆயினும் அந்த ‘வரை’ என்ற சொல்லுக்குள் வராத ஒரு கூட்டம் உண்டு. உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. எஞ்சியோரிற் பலர் வெளிவாரி மாணவராகின்றனர். பதிவுக்குக் கட்டணம், பரீட்சைக்குக் கட்டணம். திறந்த பல்கலைக்கழகமும் அரசினுடையதே. அங்கும் கட்டணம் செலுத்தித்தான் பட்டப்படிப்புப் படிக்கவேண்டும். பத்தொன்பது வயதில் ஒரு புள்ளி கூடப் பெற்றவனுக்கு இலவசம். அப் புள்ளியைத் தவறவிட்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, முப்பது வயதிற் கற்க வருபவளுக்கு விலை. இதனை இலவசக் கல்வி என்று எந்த நாவால் அழைப்பது?

அந்த வயதிற் கற்க வருவோர் யார் என்று சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். மலையகத்தின் தோட்டப் பாடசாலைகள் எழுபதுகளிலேதான் அரசின் பொறுப்புக்கு வந்தன. அதுவரை ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடையைத் தோளில் ஏற்றியவர்களுக்கு நாடு தரவேண்டிய கல்வி இன்னும் பாக்கியாக இருக்கிறது. 1983 முதல் 2009 வரை வடக்கிலும் கிழக்கிலும் இடம்பெயர்ந்து, முகாமிலும் மரநிழலிலும் படித்து, பரீட்சை மண்டபத்தை எட்டாமலே வளர்ந்துவிட்டவர்களுக்கும் அப்படியே. தென்னிலங்கையின் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் பதினெட்டு வயதிலே போன சிங்களக் கிராமத்துப் பெண்ணும் இவர்களுடைய தோழிதான். இவர்கள் கேட்பதைச் சலுகை என்று யாரும் சொல்லக் கேட்டு நாம் வாளாவிருக்கலாகாது. முதற் சந்தர்ப்பத்தைப் பறித்த சமூகம் இரண்டாவதற்கும் விலைச்சீட்டு ஒட்டுகிறது.

2017இல், அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடையாதவர் அரசு சாராத நிறுவனங்களிற் கற்பதற்கு வட்டியில்லாக் கடன் தரும் திட்டம் தொடங்கிற்று. வட்டியை அரசு ஏற்கும். முதலை மாணவன் திருப்பிச் செலுத்துவான். நிறுவனம் தன் கட்டணத்தைப் பெற்றுக்கொள்ளும். இங்கிலாந்தின் பாதையில் வைத்த முதலடி இது என நாம் கருதுகிறோம். 2022இல் நாடு வங்குரோத்தாகி, செப்தெம்பரிற் கொழும்பின் விலைவாசி முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ எழுபது சதவீதம் உயர்ந்தபோது, எந்தக் கட்டளையும் இல்லாமலே மாலை மாணவனின் கல்வி வெட்டப்பட்டது. பஸ் கட்டணமும் கடதாசியின் விலையும் அவ்வேலையைச் செய்து முடித்தன. 2023 மார்ச்சு முதல் சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளுள் நாம் வாழ்கிறோம். இனி வரும் வெட்டுகள் சத்தமாக வரமாட்டா. ‘கட்டணத் திருத்தம்’, ‘செலவு மீட்பு’, ‘இலக்கு வைத்த உதவி’ என்ற பெயர்களில், சுற்றறிக்கையின் கடைசிப் பந்தியில் வரும்.

2012இற் பல்கலைக்கழக விரிவுரையாளர் கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆறு சதவீதம் கோரி மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர். அக் கோரிக்கை இன்றும் நமது ஆசிரிய சங்க மேடைகளிலும் மாணவர் பதாகைகளிலும் இருக்கிறது; இருக்கவும் வேண்டும். அந்த ஆறில் வளர்ந்தோருக்கு எத்தனை என்று எந்தப் பதாகையிலாவது எழுதியிருக்கிறோமா? வெளிவாரிப் பரீட்சைக் கட்டணத்தை ஒழித்தல், திறந்த பல்கலைக்கழகத்தில் வறியவருக்குக் கட்டணமின்மை, தோட்டப் பிரதேசத்துப் பாடசாலைகளில் மாலை வகுப்பும் அதனை நடத்துவோருக்கு முறையான சம்பளமும் ஆகிய மூன்றையும் சங்கங்கள் தம் கோரிக்கைப் பத்திரத்தில் இப்பொழுதே சேர்க்கவேண்டும். நம்முள் எத்தனை பேர் வெளிவாரிப் பட்டத்தினாலே ஆசிரியரானோம் என்பதைச் சங்கக் கூட்டத்திற் கையுயர்த்தச் சொல்லி எண்ணிப் பார்த்துவிட்டு அத் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடலாம். அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னர் அது கல்வி மந்திரியின் மேசையைச் சென்றடையட்டும்.